ஓரக்குறிப்பு

நதிமூலம் பார்க்காதே என்பார்கள்.
எனக்கு அதுதான் சம்பளம்,
மொந்தெவிதேயோ பிறப்பு இறப்புப் பதிவகத்தில்
இருபத்திரண்டு வருடமாக.
ஜன்னலுக்கு வெளியே கிடக்கும் ஆற்றுக்கோ
மறுகரையே தெரியாது.

ஒடீலியா சுகாஸ்கோ செத்த வாரம்
பேருந்துகள் பட்டப்பகலில் விளக்கெரித்து ஓடின.
மூன்றாம் நாளே
படியேறி வந்துவிட்டார்கள்.

முதலில் லிதுவேனியர் சங்கம், தேன்கேக்கோடு.
செயலாளர் அல்தோனா
என் பேனாவை வாங்கி எழுதிக் காட்டினார்:
ஷுகவுஸ்காஸ்.
அப்பனுக்கு ஒரு வால், மனைவிக்கு ஒரு வால்,
கல்யாணமாகாத மகளுக்கு வேறொரு வால்.
"உங்கள் குமாஸ்தா எல்லாவற்றையும் நறுக்கிவிட்டார்."
நறுக்கித்தான் விட்டோம்.
துறைமுகத்தில் அன்றைக்கு வரிசை நீளம்.

பிறகு பலெர்மோ பேட்டையின் முரசுக்காரர்கள்,
எட்டுப் பேர். என்னிடம் நாற்காலி இரண்டு.
ஒடீலியாவின் தாய் ரமோனா, ஊர்த்துணி வெளுத்தவள்.
ரமோனாவின் கொள்ளுப்பாட்டிக்கு
ரிவேராவில் ஞானஸ்நானம் கொடுத்த பாதிரி
எழுதி வைத்தார்: "இனம், பெங்கேலா."
"அது இனமில்லை அம்மா, துறைமுகம்"
என்றார் நிகோமேதெஸ், தொப்பியைக் கழற்றாமல்.
விற்றுக் கப்பலேற்றிய படித்துறையின் பெயரைச்
சொந்தப் பெயர் போல
ஐந்து தலைமுறை சுமந்திருக்கிறது.

அவளோ கேட்டவனுக்கெல்லாம் ஒரு கதை சொன்னவள்.
வானொலியில் ஒருமுறை:
"அப்பா இறைச்சி ஆலைக் கத்தி,
அம்மா சவுக்காரக் கட்டி,
நடுவில் கிழிந்த சட்டை நான்."
பாரிசில் மட்டும்
இத்தாலியச் சீமாட்டியின் மகள்.
அங்கே அதற்குக் காசு கூட.

ஒரு பழைய தட்டில், பாட்டின் நடுவே,
சொல்லில்லாமல் முனகுவாள், நாலு தாளவட்டம்.
என் மேசையில் வைத்தே போட்டுக் கேட்டார்கள்.
கம்பு அறுப்புப் பாட்டு என்றார் அல்தோனா.
சின்ன முரசின் நடை என்றார் நிகோமேதெஸ்.
இருவருக்கும் கண் மூடியிருந்தது.
எனக்குக் கேட்டது
வரி மறந்துபோன ஒருத்தி.

நினைவுக் கல் ஒன்றுதான், பெயர் எதுவென்று கேட்டது நகராட்சி.
பேரேட்டை இறக்கினேன். தும்மல் வந்தது.
ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தேழு, ஆகஸ்ட்.
பெண் குழந்தை. தாய் ரமோனா.
தந்தை என்ற இடத்தில் ஒரு கோடு,
அடித்ததில்லை, இழுத்து விட்டது.
ஓரத்தில் எறும்பெழுத்தில், சாய்ந்து,
முப்பத்துமூன்றில் எழுதிய குறிப்பு.
குறிப்புக்குக் கீழே கைநாட்டு.
இடது கட்டைவிரல்.
வலதை ஆலையின் ரம்பம் கொண்டுபோயிருந்தது.

அந்த ஆள் கப்பலிறங்கியது முப்பதில்.
கணக்கு யாருக்கும் வரும்.

அல்தோனா விரல் மடக்கிப் பார்த்தார்,
இன்னொருமுறை மடக்கினார்.
பேரேட்டை மூடி
எனக்கு இன்னொரு துண்டு கேக் வெட்டினார்.
நிகோமேதெஸ் ஒன்றும் சொல்லவில்லை.
அவர் பேட்டைக்கு அது எப்போதோ தெரியும் போல.

கடைசியாக வந்தவன் பேரன், ஃபவுஸ்தினோ.
பாட்டுக்கும் அவனுக்கும் வெகுதூரம்.
ஐரோப்பியக் கடவுச்சீட்டு வேண்டும்,
பார்சிலோனாவில் குளிர்சாதனப் பெட்டி பழுதுபார்க்கும் வேலை,
லிதுவேனியக் கொள்ளுத்தாத்தா ஒருவர்
அத்தாட்சியோடு தேவை.
நகல் எடுத்து முத்திரை குத்திக் கொடுத்தேன்.

வாசல்வரை போனவன் திரும்பினான்.
"மொழிபெயர்ப்பாளர் சொல்லுக்கு இவ்வளவு என்கிறார்.
ஓரத்தில் இருப்பதையும் பெயர்க்கணுமா?"
"அதையும்தான்" என்றேன்.
எத்தனை சொல் என்று பார்க்க
வெளிச்சத்தில் பிடித்து
எழுத்துக்கூட்டி உரக்கப் படித்தான்:

"கீழே ரேகை வைத்தவர்
தானே நடந்து வந்து
இவள் தன் மகள் என்கிறார்."

ஒன்பது, என்றான்.
மறுபடி எண்ணத் தொடங்கினான்.